வந்த அன்றே ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள்

வண்ணமீன் கடையில் கெளுத்தி வாங்க வருபவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "ஜோடியாகக் கிடைக்குமா?" என்பதுதான். கடைக்காரரும் தயங்குவதில்லை. தொட்டிக்குள் வலையை விட்டு, கொஞ்சம் குண்டாக ஒன்று, கொஞ்சம் ஒல்லியாக ஒன்று எனப் பிடித்து, கவரில் ஆக்சிஜன் ஏற்றிக் கட்டித் தந்துவிடுகிறார். குண்டு பெண், ஒல்லி ஆண். முகத்தில் முள் இருந்தால் ஆண், மழமழவென்று இருந்தால் பெண். இவ்வளவுதான் விஷயம் என்றே மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். புதிதாக இந்தப் பக்கம் வருபவருக்குப் பழையவர் சொல்லித்தரும் முதல் பாடமும் பல நேரம் இதுதான்.

இந்தப் பாடம் தவறு. பணத்தையும் மீனையும் சேர்த்தே வீணாக்குகிற தவறு. கெளுத்தியில் ஆண், பெண் அடையாளம் வெளியே தெரிய மூன்று கூடிவர வேண்டும்: வயது, நன்றாகத் தின்று தேறிய உடல், இனப்பெருக்கப் பருவம். கடையிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய மீனிடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. ஆகவே அதன் பாலை அன்றே அறிவிப்பது குருட்டாம்போக்கில் சொல்வதுதான். அந்தக் குருட்டாம்போக்குக்கு ஒரு விலையும் வைத்து விற்கும்போது அதன் பெயர் 'ஜோடி' ஆகிவிடுகிறது.

ஜோடிக் கணக்கு மற்ற மீன்களிலிருந்து வந்த பழக்கம். கப்பியிலும் மோலியிலும் அது சரியாகவே பொருந்தும். ஆண் கப்பியின் குதத்துடுப்பு விந்தைச் செலுத்தும் குச்சி போன்ற உறுப்பாகச் சீக்கிரமே மாறிவிடும். நிறமும் வாலும் அதற்குமேல் சாட்சி சொல்லும். ஃபைட்டர் மீனில் ஆணின் நீண்ட துடுப்பைச் சிறுவர்கள்கூட அடையாளம் காண்பார்கள். சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் வளர்த்து விற்கப்படும் மீன்களில் இவை முக்கியமானவை. இவற்றோடு பழகிய கண் எல்லா மீனிலும் அதே தெளிவை எதிர்பார்க்கிறது. கெளுத்தி அந்தத் தெளிவைத் தராதபோது, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல் கிடைத்ததை அடையாளமாக்கிக்கொள்கிறது.

முதலில் 'குண்டு பெண், ஒல்லி ஆண்' என்பதை எடுத்துக்கொள்வோம். கோரி என்று நாம் அழைக்கும் காரிடோராஸ் வகைகளில் முதிர்ந்த பெண் ஆணைவிடப் பெரியது, அகலமானது என்பது உண்மை. அந்த உண்மை கடைத் தொட்டியில் செல்லாமல் போவதற்குக் காரணம் பட்டினி. வெளியூருக்கு மீன் அனுப்புவோர் கவரில் அடைப்பதற்கு முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள். தின்ற மீன் கழிவு விடும். மூடிய கவருக்குள் அம்மோனியா ஏறி மீன் சாகும். ஆகவே பட்டினி போடுவது சரியான நடைமுறைதான். ஆனால் பிடித்தவரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கு, அங்கிருந்து மொத்த வியாபாரிக்கு, பிறகு கடைக்கு என ஒவ்வொரு கை மாறும்போதும் இந்தப் பட்டினி திரும்பத் திரும்ப வருகிறது. கடையில் தீனி போட்டாலும் அடித்தளத்தில் மேயும் கெளுத்திக்குப் போய்ச் சேருவது மேலே உள்ள மீன்கள் விட்டுவைத்த மிச்சம் மட்டுமே. இத்தனையும் கடந்து வந்த மீனின் வயிற்றைப் பார்த்துப் பால் சொல்பவர், அது கடைசியாக என்றைக்குத் தின்றது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதன் மிக மோசமான விளைவை ஓட்டோசிங்கிலஸில் பார்க்கலாம். நான்கு சென்டிமீட்டர்கூட எட்டாத இந்தப் பாசிதின்னிகளில் பெரும்பாலானவை தென்அமெரிக்க ஆறுகளில் பிடிக்கப்பட்டு வருபவை. கடைத் தொட்டியின் துடைத்த கண்ணாடியில் அவற்றுக்குத் தின்ன எதுவும் இல்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஓட்டோவின் வயிறு மெல்ல உப்பி, வெண்மையாக இருக்கும். பட்டினி கிடந்ததன் வயிறு உள்வாங்கி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தைப் பார்த்து "இது ஆண்" என்று சொல்லி விற்பதும், அதை நம்பி வாங்குவதும் நடக்கிறது. சாகக் கிடக்கும் மீனுக்கு உடனே தேவைப்படுவது பாசி. அதற்குக் கிடைப்பதோ ஒரு பால் முத்திரை. வாங்கிய சில நாட்களிலேயே ஓட்டோ செத்துப்போனதாகப் புலம்புபவர்கள், வாங்கும்போது அந்த வயிற்றை என்னவென்று படித்தோம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதே அளவுகோல் மறுபக்கமும் ஏமாற்றும். வயிறு வீங்கிய கெளுத்தி எல்லாம் முட்டை சுமக்கும் பெண் ஆகிவிடாது. உடலில் நீர் கோத்தாலும், குடலில் புழு இருந்தாலும், அடைப்பு ஏற்பட்டாலும் வயிறு ஊதும். முட்டை சுமக்கும் மீன் சுறுசுறுப்பாக மேயும். நோயால் ஊதியது ஓரமாக ஒதுங்கி, மூச்சு வாங்கிக் கிடக்கும். "சினையாக இருக்கிறது" என்று மகிழ்ந்து காத்திருக்கும் நாட்களில் வைத்தியம் பார்க்கும் நேரம் கைநழுவிப் போகிறது.

அப்படியானால் கோரியில் பால் தெரியவே தெரியாதா? தெரியும், ஆனால் தேறிய பிறகு. அதுவும் மேலிருந்து பார்க்க வேண்டும். வெளிர்நிறப் பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் ஊற்றி, ஒரே வயதுக் கோரிகள் நாலைந்தை விட்டு, நேர் மேலே இருந்து நோக்கினால், பெண்ணின் உடல் மார்புத்துடுப்புகளுக்குப் பின்னால் விரிந்து அகலமாகத் தெரியும். ஆணின் உடல் தோளிலிருந்தே வாலை நோக்கிச் சீராக ஒடுங்கும். அடுத்து வயிற்றின் கீழுள்ள இடுப்புத்துடுப்புகள். ஆணுக்கு அவை ஒடுங்கிக் கூராகவும், பெண்ணுக்கு அகன்று விசிறி போலவும் இருக்கும்.

இந்த விசிறிக்கு ஒரு காரணம் உண்டு. முட்டையிடும் நேரத்தில் பெண் கோரி இரு இடுப்புத்துடுப்புகளையும் சேர்த்துக் கூடையாக்கி, அதில்தான் முட்டைகளை ஏந்திக்கொள்ளும். அதற்கு முன் ஆணின் அடிவயிற்றில் வாயை வைத்து விந்தைக் குடிக்கும். குடித்த விந்து குடல் வழியே விரைவாகக் கடந்து, ஏந்திய முட்டைகள் மேல் வெளியேறுகிறது என்று வெண்கலக் கோரியை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் எழுதினார்கள். ஆக, இந்த அடையாளம் ஒரு வேலைக்காக முதிர்ச்சியோடு வளர்ந்து வருவது. கடையில் விற்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்க் குஞ்சுக்கு அந்த வேலை இன்னும் வரவில்லை. துடுப்பில் அடையாளம் தேடுவதில் பயனும் இல்லை.

இரண்டாவது நம்பிக்கை முள். பிரிஸ்டில்நோஸ் என்னும் ஆன்சிஸ்ட்ரஸ் விஷயத்தில் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. முதிர்ந்த ஆணின் மூக்கின் மேல் சதைநீட்சிகள் கிளை கிளையாக எழும்; நடுவரிசை நெற்றியை நோக்கி ஏறும். பெண்ணுக்குப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. இருந்தாலும் மேலுதட்டின் விளிம்போடு குட்டையான ஒரு வரிசை மட்டுமே. ஆகவே கிளைத்த நீட்சிகள் நடுமூக்கில் ஏறியிருந்தால் அது ஆண் என்று துணிந்து சொல்லலாம். இதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது அதன் எதிர்ப்பக்கத்தை. நீட்சி இல்லாததால் பெண் என்று முடிவுகட்டுவதுதான் பிழை. இந்த மீனுக்கு நீட்சிகள் பெரும்பாலும் 5, 6 சென்டிமீட்டரை எட்டும்போதுதான் தலைகாட்டும். கடையில் விற்பவையோ 3, 4 சென்டிமீட்டர்க் குட்டிகள். ஐந்தாம் வகுப்புப் பையன்களை வரிசையாக நிறுத்தி, மீசை இல்லாததால் எல்லோரும் பெண்கள் என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா? தொட்டியில் அதையேதான் செய்கிறோம். "இரண்டு பெண், ஒரு ஆண்" என்று வாங்கிய மூன்றுக்கும் எட்டு மாதத்தில் முகத்தில் கிளை முளைத்து, ஒரே குகைக்காக மூன்றும் கடித்துக் குதறிக்கொள்வதற்குக் காரணம் இந்த அவசரம்தான். பெரிய ஆண் ஒன்று ஆட்சி செய்யும் தொட்டியில் அடங்கிப்போன ஆணுக்கு நீட்சி தாமதமாகவும் குட்டையாகவும் வருவதை வளர்ப்பவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆண் நல்ல அளவில் இருந்தும் 'பெண்' என்று விலைபோகும்.

அந்த நீட்சிகள் எதற்காக என்று தெரிந்துகொண்டால், ஏன் குட்டியில் அவை இல்லை என்பதும் விளங்கும். ஆன்சிஸ்ட்ரஸில் முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண். ஏற்கெனவே குஞ்சுகளைக் காத்துவரும் ஆணைப் பெண் நாடும் என்றும், முகத்து நீட்சிகள் குஞ்சுகள் அசைவதுபோல் தோற்றம் தந்து பெண்ணை ஈர்க்கின்றன என்றும் சபாஜ், ஆர்ம்ப்ரஸ்டர், பேஜ் ஆகிய மூவரும் 1999-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அது சரியென்றால், நீட்சி தகப்பனாகத் தயாரான ஆணின் விளம்பரம். தயாராகாத குட்டி அதை ஏந்தி நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

கன்னத்திலும் துடுப்பிலும் முளைக்கும் பல்லொத்த முட்கள் இன்னும் சிக்கலானவை. பல வகைகளில் அவை ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. ஆணுக்குச் சற்று நீளம், அவ்வளவுதான். சாட்டைவால் கெளுத்திகளில் ஆணின் கன்னத்து முட்கள் இனப்பெருக்கக் காலத்தில் அடர்ந்து, பிறகு குறைந்துபோகும். பருவம் தப்பி வந்த ஆண் பெண்ணைப் போலவே நிற்கும். விலை உச்சத்தில் இருக்கும் வரிக்குதிரை பிளெக்கோ இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டுமே வாழும் இந்த மீனுக்கு 1991-இல்தான் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. பெலோ மோன்டே அணையால் அதன் வாழிடமே ஆபத்தில் இருக்கிறது. முதிர்ந்த ஆணின் தலை மேலிருந்து பார்க்க அகலமாகவும், கன்ன முள்ளும் மார்புத்துடுப்பு முள்ளும் நீளமாகவும் இருக்கும். அதை எட்டச் சில ஆண்டுகள் ஆகும். 3 சென்டிமீட்டர்க் குட்டிகளை 'உறுதியான ஜோடி' என்று கூடுதல் விலைக்கு விற்பவர், இல்லாத அறிவுக்குப் பணம் வாங்குகிறார்.

மூன்றாவது நம்பிக்கை கொஞ்சம் தேர்ந்தவர்களுடையது: "மீனைத் திருப்பிப் போட்டுத் துளையைப் பார்த்தால் தெரிந்துவிடும்." சினோடான்டிஸ் போன்ற ஆப்பிரிக்கக் கெளுத்திகளில் இது நல்ல முறை. நம் ஊர்த் தேளி மீனைக் குஞ்சு பொரிப்பகங்களில் பிரிப்பதும் இப்படித்தான்: ஆணுக்கு இனப்பெருக்கத் துளையருகே முகிழ் நீண்டு கூராக இருக்கும், பெண்ணுக்கு உருண்டு தடித்திருக்கும். ஆனால் அங்கே பார்ப்பது பருவம் வந்த தாய்மீனை, இனப்பெருக்கக் காலத்தில். பருவம் கடந்தால் அந்த வேறுபாடும் மங்கிவிடும். குட்டியிடம் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது.

அதற்காக மீன் படும் பாடு பெரிது. கெளுத்தி பயந்தால் முதுகுத்துடுப்பின் முள்ளையும் மார்புத்துடுப்பு முட்களையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். எதிரி விழுங்காமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. அந்த நிலையில் வலையில் சிக்கினால் முள் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். பயணத்தில் களைத்து, தண்ணீர் மாறிய அதிர்ச்சியில் இருக்கும் மீனை முதல் நாளே வலையிட்டுப் பிடித்து, காற்றில் மல்லாத்தி, விரலால் அழுத்திப் பார்ப்பதை ஆர்வம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை காத்திருந்தாலும் வெளித்தோற்றத்தில் சொல்ல முடியாத கெளுத்திகளும் இருக்கின்றன. கண்ணாடிக் கெளுத்தியைப் பாருங்கள். முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒவ்வொன்றாகத் தெரியும் உடல் அது. ஆனால் உள்ளுறுப்புகள் முழுவதும் தலையை ஒட்டிய வெள்ளிநிறப் பைக்குள் அடங்கியிருப்பதால், பால் மட்டும் தெரிவதில்லை. அதையும் ஜோடியாகக் கேட்கிறோம்.

இன்னொன்று, 'டேங்க் கிளீனர்' என்று பெயர் வாங்கிய சக்கர் மீன். விரல் நீளத்தில் விற்கப்படும் இந்தப் பிளெக்கோ 40 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடியது. பண்ணைக் குளங்களில் கரையைத் துளைத்து வளை தோண்டி முட்டையிடும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் குஞ்சு பொரிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒன்றே அதிகமான தொட்டியில் ஜோடிக்காக இரண்டு வாங்கி விடுகிறோம். இடம் போதாத நாளில் அவை ஏரிக்கோ குளத்துக்கோ போகின்றன. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று இந்த அயல்மீன் பெருகி, மீனவர் வலையைக் கிழிப்பதில் ஜோடி ஆசைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "பல வருடம் கெளுத்தி வளர்த்தவர் பார்த்த உடனே சொல்லிவிடுகிறாரே?" சொல்கிறார், பல முறை சரியாகவும் சொல்கிறார். ஆனால் அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? ஒரே நாளில் பொரித்த, ஒரே தீனி தின்ற, ஒரே தொட்டியில் வளர்ந்த மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அங்கே வயதும் தீனியும் சமம். மிஞ்சும் வேறுபாட்டில் பால் தெரியும். கடைத் தொட்டியில் மூன்று பண்ணைகளின் மீன்கள் கலந்திருக்கும். அதில் குண்டாக இருப்பது நாலு மாதம் மூத்த ஆணாக இருக்கலாம். ஒல்லியாக இருப்பது நேற்று வந்திறங்கிய பெண்ணாக இருக்கலாம். அதே அனுபவசாலியிடம் தனியாக ஒரு குட்டியைக் கவரில் போட்டு நீட்டினால், "வளரட்டும், பார்க்கலாம்" என்றுதான் சொல்வார். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்த வாக்கியம்தான்.

"குஞ்சு பொரிக்க ஆசை. ஜோடி இல்லாமல் எப்படி?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான ஆசை. அதற்கு வழி கண்ணில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், குட்டிகள் இரண்டை வாங்கும்போது இரண்டும் ஒரே பாலாக அமைய 2-க்கு 1 வாய்ப்பு. நான்கு வாங்கினால் அது 8-க்கு 1. ஆறு வாங்கினால் 32-க்கு 1 மட்டுமே. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஆறு கோரி வாங்குபவருக்கு ஆணும் பெண்ணும் கலந்து கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 97 சதவீதம். குண்டு-ஒல்லி பார்த்துப் பிடிக்கும் எந்த வலையும் இந்த உறுதியைத் தராது. கோரி கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஆறு அதற்கு எப்படியும் தேவை.

ஜோடி என்ற கணக்கே கெளுத்திக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோரி வளர்ப்பவர்கள் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருப்பதையே விரும்புகிறார்கள். ஆன்சிஸ்ட்ரஸில் ஓர் ஆண் அடுத்தடுத்து வேறு வேறு பெண்களின் முட்டைகளைக் குகைக்குள் காக்கும். அந்த வகையில் நாலைந்து குட்டிகளை விசாலமான தொட்டியில் பல குகைகளோடு வளர்த்து, அடையாளம் தெரிந்தபின் மிகுதியான ஆண்களைப் பிற வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பதே முறை. அதற்கு இடமில்லை என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் மாதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தின்கிறதா? மூச்சு சீராக இருக்கிறதா? மீசை முழுதாக இருக்கிறதா, தேய்ந்து அழுகியிருக்கிறதா? வயிறு நாளுக்கு நாள் நிரம்புகிறதா? தனித்தொட்டியில், ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து, விளக்கைக் குறைத்து வைக்க வேண்டும். பாசிதின்னிக்குப் பாசி வில்லையும் வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டும், கோரிக்கு அடியில் இறங்கும் குருணைத் தீனியும் ரத்தப்புழுவும் மாலையில் போட வேண்டும். இத்தனையும் செய்து சில மாதம் கடந்தால், கோரி, ஆன்சிஸ்ட்ரஸ் போன்றவற்றில் நாம் துருவாமலேயே அடையாளம் வெளியே வரும். தேறிய கோரித் தொட்டியில் ஒருநாள் சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றினால், மழை வந்ததாக எண்ணி ஆண்கள் ஒரு மீனைத் துரத்தத் தொடங்கும். துரத்தப்படுவது பெண். எந்தக் கடைக்காரர் சொல்லையும்விட உறுதியான சான்று அது.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கெளுத்திக் குட்டிகளுக்கு 'ஜோடி' விலை எழுதுவதை நிறுத்துங்கள். தொட்டியின் மேல் மீன் வந்த தேதியையும், இப்போது என்ன தின்கிறது என்பதையும், முழு வளர்ச்சியில் எத்தனை சென்டிமீட்டர் ஆகும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்டால் "இந்த வயதில் தெரியாது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் கடைக்குத்தான் விஷயம் தெரிந்தவர்கள் திரும்பி வருவார்கள். வாங்குபவர்களும் அந்தப் பதிலைக் கேட்டு வேறு கடை தேடி ஓட வேண்டாம். அன்று உங்களுக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும். அந்த நேர்மைக்கு விலை கொடுங்கள். ஜோடி என்ற சொல்லுக்குக் கொடுக்காதீர்கள்.